ஷூ பெட்டியில் வந்த கை

செங்கல்பட்டு
22.1.2025

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்தவர் பொருளை மண்ணுக்குள் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

போனில் நான் கத்தினால் நீ வைத்துவிடுகிறாய், நீ கத்தினால் நான் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அப்பா தினமும் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு எங்கள் ஹாஸ்டல் வாசல் வழியாகத்தானே சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி.

பொங்கல் லீவுக்கு வந்தபோது நான் கட்டிலுக்கடியில் மறந்து வைத்துவிட்டு வந்த ஷூ பெட்டியை எடுத்துவரச் சொல்லி அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். போர்வை வந்தது, அதிரசம் வந்தது, நான் கேட்காத தேங்காய் எண்ணெய் வந்தது. பெட்டி வரவில்லை. நெருக்கிக் கேட்டதும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "அத்த உங்கம்மா அடக்கம் பண்ணிட்டா பாப்பா."

அம்மா, அது என்னுடையது இல்லை. என் சீனியர் அதிதி அக்காவுடையது. எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்தில் இங்கே எல்லோரும் சீனியரிடமிருந்து எலும்பு வாங்கித்தான் படிப்பார்கள், படித்து முடித்ததும் ஜூனியருக்குக் கொடுப்பார்கள். அதில் ஒரு கை முழுதும் இருந்தது. கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பு, தோள்பட்டைப் பலகை, மேல்கை எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகள் நைலான் நரம்பில் கோத்தது, விரல்கள். அடுத்த மாதம் ஆறாம் தேதி கைக்கு மட்டும் தனியாகத் தேர்வு. சார் ஒரு எலும்பை எடுத்துக் கையில் கொடுப்பார். பெயர் சொல்ல வேண்டும், உடம்பில் எப்படி இருக்குமோ அப்படிப் பிடித்துக் காட்ட வேண்டும், வலதா இடதா என்று சொல்ல வேண்டும். படம் பார்த்து இது வராது. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவித்தான் வரும்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவள் நான். வகுப்பில் நான் தடுமாறினால் சிலர் பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும். அது உனக்குத் தெரியாததில்லை. எலும்பைத் திருப்பி எடுத்து அனுப்பு. கழுவிக்கூடக் கொடுக்க வேண்டாம்.

சிநேகா

*

வீடு
24.1.2025

சிநேகாவுக்கு அம்மா எழுதுவது. கோபத்தில் இருக்கிறேன், ஆனாலும் ஜெபத்தில் உன்னை விட்டுவிடவில்லை.

சனிக்கிழமை நம் வீட்டில் ஜெபக் கூட்டம். எல்லோரும் உட்கார இடம் வேண்டுமே என்று கட்டிலை நகர்த்தினேன். கீழே ஷூ பெட்டி. சரி, பிள்ளை நல்ல ஷூவாக ஒன்று வாங்கிவிட்டு, விலை கேட்டால் அம்மா திட்டுவாள் என்று ஒளித்து வைத்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு மனுஷருடைய கை.

நீ ஊருக்குப் போனதிலிருந்து அந்தக் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன். அதை யோசி முதலில்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு சந்திரம்மா அக்கா பாய் கொடுக்க வந்தாள். பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னா ரெஜினா, வூட்டுக்குள்ள பொணத்த வச்சிகினு ஜெபம் பண்ணப் போறியா?" என்றாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்? என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் அக்கா, அதனால் கட்டிலுக்கடியில் ஆள் வைத்திருக்கிறோம் என்றா?

கடலில் விட்டுவிடலாம் என்றார் உன் அப்பா. அவர் வீட்டு வழக்கம் அப்படி. நான் விடவில்லை. பாஸ்டரிடம் போனேன். பெயர் என்ன, எந்தச் சபை என்று கேட்டார். தெரியாது என்றேன். பெயர் தெரியாதவருக்கு எப்படி அடக்க ஆராதனை நடத்துவது என்று தலையைச் சொறிந்தார். கடைசியில், உங்கள் குடும்பக் கல்லறையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் வந்து பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நம் வீட்டில் யார் போனாலும் அந்த ஒரு குழிதான், உனக்குத் தெரியும். உன் தாத்தாவின் தலைமாட்டில் கொஞ்சம் திறந்து வைத்தோம். நான் வேலை செய்கிற ரிசார்ட் லாண்டரியில் கழித்துப் போட்ட வெள்ளைத் தலையணை உறை ஒன்று இருந்தது. அதை இரண்டு தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு, அதில் சுற்றி வைத்தேன். பாட்டு ஒன்று பாடினோம். உன் அப்பாவும் பாடினார், ராகம் தெரியாமல்.

இப்போது என் அப்பா கல்லறையை நோண்டச் சொல்கிறாய். கழுவக்கூட வேண்டாம் என்கிறாய். நீ எழுதினதை இன்னொரு தடவை நீயே படித்துப் பார்.

சாப்பிடு. அதிரசம் கெட்டுப்போகும் முன் சாப்பிடு.

அம்மா

*

செங்கல்பட்டு
27.1.2025

அம்மா,

படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தையும் மாற்றுவதாக இல்லை.

நேற்று அதிதி அக்காவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் ஒளிந்து ஒளிந்து நடப்பது? முதலில் சிரித்தாள். திருக்கழுக்குன்றத்தில் அவள் வீட்டில் பெட்டியை வாசல்படி தாண்ட விடவில்லையாம். கார் டிக்கியிலேயே வைத்துப் படித்தாளாம், தொட்டுவிட்டு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டுமாம். உங்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் வைக்க விட்டார்களே என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தேர்வு முடிந்ததும் வேறொரு பெண்ணுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், எப்படியாவது எடுத்துக் கொடு என்றாள். அவள் கேட்டது நியாயம். நான் என்ன சொல்லட்டும், என் தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றா?

ஹாஸ்டலில் கோழிக் குழம்பு போட்ட அன்று இறக்கைத் துண்டாக வாங்கி, கடித்துத் துப்பின எலும்பை வைத்துப் படித்தேன். தோள் மூட்டு எப்படி எல்லாப் பக்கமும் சுழல்கிறது, முழங்கை ஏன் கதவுக் கீல் போல ஒரு பக்கம்தான் மடங்குகிறது என்று கோழியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. பக்கத்து அறைப் பெண்கள் என்னைப் பார்த்து எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ நினைக்கிற மாதிரி அது ஒரு மனுஷரே இல்லை. மேல்கை எலும்பு ஒருவருடையது, முன்கை இன்னொருவருடையது, காறை எலும்பு வேறு யாரோ. உடைந்ததும் தொலைந்ததும் போக மிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு கையாக வைத்திருக்கிறார்கள். நீ அடக்கம் பண்ணினது ஆள் இல்லை அம்மா, பாடம். என் பாடப் புத்தகத்தைப் புதைத்துவிட்டு அதற்குப் பாட்டு வேறு பாடியிருக்கிறாய்.

தேர்வுக்கு அதிக நாள் இல்லை.

சிநேகா

*

செங்கல்பட்டு
30.1.2025

அம்மா,

பதில் இல்லை. அப்பாவைக் கேட்டால், "எழுதிகினு கீறா, எழுதிட்டு கிழிச்சிகினு கீறா" என்கிறார். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பேஜாரு பண்ணாதீங்க, தபால்காரனுக்குக் கூட சம்பளம் உண்டு என்று அவர் வேறு சலித்துக்கொள்கிறார்.

ஏதோ ஒன்று எழுது. திட்டியாவது எழுது.

சி.

*

வீடு
31.1.2025

சிநேகாவுக்கு,

திட்டத்தான் நினைத்தேன். திட்ட உட்கார்ந்தால் வேறு என்னவோ வருகிறது. அதனால்தான் கிழித்தேன்.

பெஞ்சமின் மாமா வெளியூரில் இறந்துபோனார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் செத்துப்போனாரா என்று எனக்கே தெரியாது.

பெயின்டிங் வேலைக்கு மெட்ராஸ் போனார். நீ அப்போது கைக்குழந்தை. கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு நின்றுபோனது. நாங்கள் தேடிக்கொண்டு போனபோது ஒரு ஸ்டேஷனில் போட்டோ காட்டினார்கள். ரோட்டோரம் விழுந்து கிடந்தவராம். ஆஸ்பத்திரியில் சேர்த்து அங்கேயே இறந்துவிட்டாராம். முகம் வீங்கி, தாடியோடு. அண்ணன் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. உடம்பைக் காட்டுங்கள் என்று தாத்தா அழுதார். வைக்க வேண்டிய நாள் வைத்தோம், யாரும் வரவில்லை, படிக்கிற பிள்ளைகளுக்காகக் காலேஜுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எந்தக் காலேஜ் என்று கடைசி வரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. தாத்தா அதோடு படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று தெருவே நம் வீட்டில் நின்றது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிதான் சந்தோஷம்.

சின்ன வயதில் கல்பாக்கம் ரோட்டில் மாமா சைக்கிளோடு விழுந்து, இடது காறை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு விட்டார்கள். சேர்ந்துவிட்டது, ஆனால் சேர்ந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு மேடு. சட்டைக்கு மேலேயே தெரியும். அவர் சைக்கிளில் முன்பாரில் உட்கார்ந்து நான் ஸ்கூலுக்குப் போவேன். இறங்கும்போது அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். வலிக்கும், விடுடி என்பார்.

பெட்டியைத் திறந்ததும் மற்ற எலும்பையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. அந்த வளைந்த எலும்பைத்தான் எடுத்தேன். தடவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மேடு இருந்தது, சிநேகா. கைக்குத் தட்டுப்பட்டது. அதற்குள் சந்திரம்மா அக்கா வந்துவிட்டாள், கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மறுபடி அதைத் தடவிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பாடம் என்று எழுதினாய். இருக்கட்டும். அவர்தான் என்றால் அவர் அப்பா தலைமாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். என் மகள் கையாலேயே வீட்டுக்கு வந்திருக்கிறார். இதை நான் எப்படித் தோண்டி எடுப்பேன், நீயே சொல்.

அம்மா

*

செங்கல்பட்டு
2.2.2025

அம்மா,

நேற்று முழுதும் வகுப்புக்குப் போகவில்லை. உன் மேல் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, நான் அனாடமி அனாடமி என்று குதித்தபோதெல்லாம் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாயே, அதற்காகக் கோபம். என் மேலும் வருகிறது. பாடம் என்று எழுதினது நான்தானே.

அந்தக் காறை எலும்பை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு முதலில் வசப்பட்ட எலும்பு அதுதான். கையை உடம்பின் கூட்டோடு எலும்புக்கு எலும்பாகச் சேர்ப்பது அது ஒன்றுதான். தோள் அடிபட விழுந்தால் முதலில் உடைவதும் பெரும்பாலும் அதுதான். ஒரு முனை தடியாக இருக்கும், அது நெஞ்சுப் பக்கம். மறு முனை தட்டை, அது தோள் பக்கம். தட்டை முனைக்குக் கிட்டே அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். தசைநார் பிடித்துக்கொள்ளும் இடம். அது எல்லோருக்கும் உண்டு அம்மா. உனக்கும் எனக்கும் உண்டு. உள்பக்கம் இருப்பதால் வெளியே தெரியாது. உன் கைக்குத் தட்டுப்பட்டது அந்த மேடுதான்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆமாம் அம்மா, மாமாதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். நீ நிம்மதியாகிவிடுவாய், ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பாய். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன். பிறகு யோசித்தால், அந்தக் குழியில் வேறு யாரோ மாமா பெயரில் கிடப்பார். மாமா இன்னொரு தடவை காணாமல் போவார். இந்தத் தடவை தொலைத்தது நானாக இருப்பேன்.

அதனால் சொல்கிறேன். உடைந்து சேர்ந்த எலும்பில் மேடு நடுவில் இருக்கும், மேலே தெரியும், எலும்பும் கொஞ்சம் கோணிப்போகும். இது நேராக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதோடு இது வலது. மாமாவுக்கு உடைந்தது இடது. இதில் நான் தப்புப் பண்ணவே மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அது மாமாவுக்கு உடைந்த எலும்பு இல்லை.

மற்ற எலும்புகளைப் பற்றிக் கேட்காதே. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

எடுக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அதிதி அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து அறைப் பெண் அவளுடைய எலும்புகளை ராத்திரி மட்டும் தருகிறேன் என்கிறாள். பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா, என் மேல் கோபமாக இருந்தாலும் போனை எடு.

சிநேகா

*

வீடு
4.2.2025

சிநேகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைச் சபித்தேன். இவ்வளவு நறுக்காக எழுத எங்கே கற்றுக்கொண்டாய்? உன் அப்பாவும் அப்படி இல்லை, நானும் இல்லை. இரண்டு வாரம் எனக்கு அண்ணன் இருந்தார். அது பொறுக்கவில்லை உனக்கு.

ராத்திரி உன் அப்பாவை உட்கார வைத்து, அவருடைய காறை எலும்பைத் தடவிப் பார்த்தேன். கிச்சுகிச்சு மூட்டுகிறாயா, இன்னாடி வேணும் உனக்கு என்று எரிந்து விழுந்தார். நீ சொன்னது சரிதான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்குச் சட்டைக்கு மேலே தெரியும்.

இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லறைக்குப் போனோம். காவலுக்கு இருக்கும் ஜோஷ்வா எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாக்கா, அன்னிக்கு வச்சத இன்னிக்கு எடுக்க வந்துகீறீங்க, இது இன்னா பேங்க் லாக்கரா?" என்றான். டீ வாங்கிக் கொடுத்துத் தோண்டச் சொன்னோம்.

நீ வேண்டாம் என்று எழுதின பிறகு ஏன் எடுத்தேன் என்று கேட்பாய். அண்ணன் என்றால் அப்பா பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்குப் பாத்தியம் உண்டு. அடுத்த வீட்டு மனுஷரை, நாலைந்து வீட்டு மனுஷர்களை என்கிறாய், நான் எந்த உரிமையில் என் அப்பா தலைமாட்டில் பிடித்துப் போடுவது? அவர்களையும் எங்கேயோ ஒரு தங்கச்சி தேடிக்கொண்டிருப்பாள். நான் மூடி வைத்தது அவர்களுக்காக இல்லை. எனக்காகத்தான் மூடி வைத்தேன்.

மணல் கலந்த மண் என்பதால் எல்லாம் அப்படியே இருந்தது. தலையணை உறை மட்டும் பழுப்பேறிவிட்டது. மண்வெட்டி பட்டு உறை கிழிந்து, மணிக்கட்டு எலும்பு கோத்திருந்த நரம்பு அறுந்து எல்லாம் மண்ணில் உதிர்ந்துவிட்டது. உன் அப்பா மண்ணை அரிப்பில் போட்டுச் சலித்தார். எட்டு என்று எழுதியிருந்தாய், ஏழுதான் கிடைத்தது. பட்டாணி அளவில் ஒன்று இருக்க வேண்டுமாமே, உன் அப்பா போனில் படம் பார்த்துச் சொன்னார். அது அகப்படவில்லை. அந்தப் பிள்ளை அதிதியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவளுக்கும் சேர்த்து முறுக்கு அனுப்பியிருக்கிறேன். எலும்பு ஒரு பை, முறுக்கு ஒரு பை. ஒன்றை ஒன்றோடு சேர்த்து வைத்துத் தொலைக்காதே.

ஷூ பெட்டியில் அனுப்பவில்லை. என் புது ஜிப் பையில் வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும்போது பையோடு கொடுக்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைக்கக் கூடாது, மேசை மேல் வைக்கச் சொல்.

பெஞ்சமின் மாமாவும் இப்படித்தான் எந்த ஊரிலோ ஒரு பிள்ளையிடம் இருக்கிறார். இத்தனை வருஷமாக அவரை இருட்டில் எங்கேயோ தனியாகக் கிடப்பதாகவே நினைத்து அழுதிருக்கிறேன். ஒரு பிள்ளை அவரைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மேட்டைத் தொடும்போது, இவருக்கு எப்போதோ அடிபட்டிருக்கிறது என்றாவது அது நினைக்குமில்லையா?

நாளை மறுநாள் தேர்வு. போனைப் போட்டுப் பேசி உன் படிப்பைக் கெடுக்க மாட்டேன். உட்கார்ந்து படி. உன் கையில் கொடுக்கும் எலும்பு யாருடையதோ, அவர் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. வலதா இடதா என்று நீயாவது சரியாகச் சொல்.

அம்மா